கடைசித் தேதி தானாக வந்து சேரட்டும்

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகளுக்காக ஒன்று அமைத்துக் கொடுத்தேன். தினமும் காலையில் ஸ்கிரேப்பர், அதாவது இணையப் பக்கத்திலிருந்து தகவலை எடுக்கும் நிரல், டிஎன்பிஎஸ்சி தளத்தின் அறிவிக்கைப் பக்கத்தைப் படிக்கும். என்8என் என்ற தானியக்கக் கருவி அதை நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டு, புதிய வரி இருந்தால் மட்டும், கடைசித் தேதியோடு டூடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியில் ஒரு வேலையாகச் சேர்க்கும். இந்த ஒப்பீடுதான் இதற்கு உயிர். அது இல்லையென்றால் ஒரே அறிவிக்கை தினமும் புதிதுபோல வந்து குவியும். பிள்ளை பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிடும்.

தளத்தின் அமைப்பு மாறினால் ஸ்கிரேப்பர் சத்தமில்லாமல் வெறுங்கையோடு திரும்பும். அதனால், பட்டியல் காலியாக வந்தால் 'தளத்தை நேரில் பார்' என்றொரு வேலையும் சேரும்படி வைத்திருக்கிறேன்.

இதைச் செய்ய நினைப்பவர்கள், எந்தத் தளமானாலும், நிரல்கள் எந்தப் பக்கங்களை எடுக்கலாம் என்று சொல்லும் அதன் ரோபோட்ஸ் கோப்பை (robots.txt) முதலில் படியுங்கள். 1994 முதல் இணையம் காத்துவரும் நாகரிகம் அது. நாளுக்கு ஒருமுறை எடுத்தால் போதும், சர்வரை வதைக்க வேண்டாம்.