ஆண்டு மலருக்கு எந்த மென்பொருள்?

வாசகர் வட்ட ஆண்டு மலர்: 48 பக்கம், டெமி அளவு, வண்ண அட்டை, உள்ளே கறுப்பு மட்டும், நடுவில் பின். பக்கம் கட்ட எது நல்லது என்று கேட்ட நண்பர்களுக்காகக் குறித்தவை.

மென்பொருளைத் தேடுவதற்கு முன் அச்சகத்துக்குப் போய்வாருங்கள். எந்த வகைக் கோப்பு வேண்டும், வெட்டுக்கு ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் (வழக்கமாக 3 மி.மீ.) என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். அச்சுத் தாளின் மடிப்புக்கு ஏற்பப் பக்கங்களை அடுக்குவது பிரஸ்காரர் வேலை. நாம் 1, 2, 3 என்று ஒற்றைப் பக்கங்களாகவே கொடுத்தால் போதும்.

பேஜ்மேக்கர். 1985இல் ஆல்டஸ் கொண்டுவந்தது, 1994இல் அடோபி கைக்குப் போனது, 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்னும் நம்மூர் டிடிபி கடைகளில் ஓடுகிறது. பழகிய கை, பழைய எழுத்துருக்கள். அந்த எழுத்துருக்களில் ‘கெ’ வேண்டுமென்றால் கொம்பை முதலில் தட்டி, பிறகு ‘க’வைத் தட்ட வேண்டும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ் வடிவங்கள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரியும் படிக்க முடியாது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நினைவுகள் இப்படி அச்சடித்த சில நூறு பிரதிகளோடு அடங்கிப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை. உரை யூனிகோடில் இருக்கட்டும்; மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்டிசைன் அச்சுக்கு மிகச் சிறந்தது. 2012இல் வந்த சிஎஸ்6 முதல் யூனிகோடு தமிழும் வருகிறது. ஆனால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் வரவில்லை என்று பலர் இதைக் கைவிட்டதற்கு அந்த ஒரு தேர்வுதான் காரணம். சந்தா கட்ட வேண்டும். வருடம் ஒரு மலர் போடுபவர்களுக்கு அது சுமை.

ஸ்கிரைபஸ் இலவசம். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். 2024இல் வந்த 1.6இல் சரியாக வருகிறது. நான்கு வண்ணப் பிரிப்பு, அச்சகம் கேட்கும் பிடிஎஃப்/எக்ஸ் வகைகள் எல்லாம் உண்டு. அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூலுக்குச் சிரமம்தான். 48 பக்க மலருக்குத் தாராளமாகப் போதும். என் ஓட்டு இதற்கே.

வேர்டு? உள்பக்கம் ஒரே கறுப்பு என்றால் சமாளிக்கலாம், அச்சகத்தில் கறுப்பு மட்டுமாக மாற்றச் சொல்லிவிட்டு. அட்டைக்கு வேண்டாம். அதன் வண்ணம் திரைக்கானது. நான்கு மைக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்தும் நான்காகப் பிரியும்; தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தோரத்தில் சிவப்போ நீலமோ கசியும். சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்தில், அதுவும் பத்துப் பாயின்ட்டில், கண் உறுத்தும்.

படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் உதவாது, மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் குறைவொன்றுமில்லை.

எழுத்துருக்களைப் பிடிஎஃபில் உட்பொதித்து, முழுவதையும் தாளில் எடுத்து, எழுதாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மலர் வெளியான பின், அச்சுப் பிரதியோடு யூனிகோடு உரையையும் உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.