நூற்பாலை எந்திரத்தின் சுரங்கத்து உறவு

பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் போகும் கிளை ரயிலில் ஏறினால், பெட்டி முழுக்கத் தமிழ். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தங்கம் எடுக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழ். கர்நாடகத்துக்குள் இப்படியொரு ஊரா என்ற வியப்பு அடங்குவதற்குள் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் வந்துவிட்டது.

சாலையிலிருந்தே தெரிகின்றன சுரங்க வாயில்மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள். உச்சியில் பெரிய சக்கரங்கள். அந்தச் சக்கரங்களின் மேலாக ஓடிய கம்பிக் கயிற்றில்தான் ஆட்களை ஏற்றிய கேஜ் என்ற கூண்டு இறங்கியது. ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே கயிற்றில் எட்டாது. ஒரு குழியில் இறங்கி, நடந்து, உள்ளேயே இருக்கும் அடுத்த குழியில் மறுபடி இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல்.

“மணிச் சத்தத்தை வச்சுத்தான் சார் எங்க உயிரு. கீழே இருந்து மணி அடிப்போம், மேலே வைண்டர் டிரைவர் கேஜை நகர்த்துவார். அவர் முகத்தைப் பார்த்தது கிடையாது, கையை நம்புவோம்” என்றார் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர்.

அவர் சொன்ன வைண்டரை எங்கள் ஊர் ஆலை எந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் கோவைக்காரன். 1888இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை நீராவியில் ஓடத் தொடங்கிய ஊர். ஆலை எந்திரத்துக்கு வேலை ஒன்றுதான்: காலையில் பிடித்த வேகத்தை மாலைவரை விடாமல் காப்பது. வேகம் ஆடினால் நூல் அறும். அதற்காகவே பல டன் எடையில் சுழல்சக்கரம். கேஜை ஏற்றி இறக்கும் சுரங்க எந்திரமான வைண்டருக்கோ நேர்மாறான சுபாவம்: கிளம்பி, வேகம் பிடித்து, சொன்ன இடத்தில் நின்று, திரும்பிச் சுழல வேண்டும். சுழல்சக்கரத்தின் இடத்தில் கயிறு சுற்றும் உருளை. எந்த நிலையில் நின்றாலும் மறுபடி கிளம்புவதற்காக, இரண்டு சிலிண்டர்களின் கிராங்குகளையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பூட்டினார்கள்.

இந்த இரண்டு வகை எந்திரங்களையும் வடித்த பட்டறைகள் இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்தன. பிளாக்பர்னின் யேட்ஸ் அண்ட் தாம் பருத்தி ஆலைகளுக்கு எந்திரம் செய்து பேர் வாங்கிய நிறுவனம். ஆஸ்ட்லி கிரீன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அது 1912இல் செய்த 3,300 குதிரைத்திறன் வைண்டர் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தங்கவயலில் நீராவியின் காலம் சீக்கிரமே சரிந்தது. 1880 முதல் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு எரிபொருள் செலவு பெரும் சுமை. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் முடிவான திட்டப்படி, 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 92 மைல் கம்பியில் காவிரி மின்சாரம் வந்தது. அந்நாளில் உலகிலேயே நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூரின் தெருவிளக்குகளுக்கே 1905 வரை மின்சாரம் கிடைக்கவில்லை! கோவை ஆலைகளுக்குப் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சுமார் 30 ஆண்டுகள் கழித்து. அருவி நீரால் எந்திரம் ஓட்டுவதில் கோவைக்கு மூத்தது தங்கவயல். இதை எங்கள் ஊரில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. ஆஸ்ட்லி கிரீனில் ஆர்வலர்கள் ஒரு வைண்டரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இங்கே எஞ்சியிருக்கும் கோபுரங்களும் எந்திரக் கூடங்களும் பழைய இரும்பு விலைக்குப் போய்விடக் கூடாது. கேஜில் இறங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இங்கே ஓர் அருங்காட்சியகம் எழுப்ப வேண்டும். அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும்.