பெஞ்சில் பெயர் செதுக்கிய என் மாணவர்களுக்கு



மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. "சார், நியூயார்க் போனீங்களா? சுதந்திர தேவி சிலை பார்த்தீங்களா? படம் போடுங்க சார்" என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். பார்த்தேன், படமும் போடுகிறேன். ஆனால் இன்று நான் எழுத உட்கார்ந்தது ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி. கொஞ்சம் நீளமாகப் போகும். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாத வாத்தியார்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன புதன்கிழமை மாப்பிள்ளைக்கு விடுமுறை. "மாமா, இன்னைக்கு உங்களை ஒரு பழைய பீட்சா கடைக்குக் கூட்டிப் போறேன்" என்றார். பீட்சாவில் பழசு என்ன, புதுசு என்ன என்று எனக்குப் புரியவில்லை. நம்மூரில் பைக்கில் டப்பாவோடு வந்து இறங்குகிற பொருள்தான் எனக்குத் தெரிந்த பீட்சா. என் மனைவிக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஜெர்சி சிட்டியிலிருந்து ரயில். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. 1908-இல் திறந்த சுரங்கம். கிறிஸ்டோபர் தெரு நிலையத்தில் இறங்கிக் குளிரில் கொஞ்ச தூரம் நடந்தால் பிளீக்கர் தெரு. ஒரு காலத்தில் இத்தாலியர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி இது. அவர்களுடைய தேவாலயம், பாம்பேய் மாதா கோவில், இன்னும் அங்கேயே நிற்கிறது. அதற்குச் சில கட்டடங்கள் தள்ளித்தான் கடை. பெயர் ஜான்ஸ் ஆஃப் பிளீக்கர் ஸ்ட்ரீட். ஜான் சாசோ என்பவர் 1929-இல் பக்கத்து சல்லிவன் தெருவில் தொடங்கி, சில ஆண்டுகளில் இங்கே கொண்டுவந்தாராம்.

மாப்பிள்ளை வரிசையில் நிற்கும்போதே வரலாறு எடுத்தார். 1880-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளில் நாற்பது லட்சம் இத்தாலியர்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தெற்கு இத்தாலியின் ஏழைகள். பீட்சாவும் அவர்களோடு கப்பல் ஏறி வந்த ஏழைச் சாப்பாடுதான். நியூயார்க்கில் 1905-இல் லோம்பார்டி என்பவர் ஸ்பிரிங் தெருவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1924-இல் கோனி தீவில் டோட்டோனோஸ், 1929-இல் இந்தக் கடை, 1933-இல் கிழக்கு ஹார்லெமில் பாட்சீஸ். எல்லாமே நிலக்கரி அடுப்புக் கடைகள்.

வாசல் பந்தலில் 'துண்டு விற்பதில்லை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பீட்சாவைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். நம்மூரில் நின்றபடி டீ, வடை சாப்பிடுவது மாதிரி காகிதத்தட்டில் வாங்கித் தின்றுகொண்டே நடக்கிறார்கள். இங்கே அது கிடையாது. முழுதாக ஒன்று வாங்கி, உட்கார்ந்து, கூட வந்தவர்களோடு பகிர்ந்துதான் சாப்பிட வேண்டும். எனக்கு அந்தப் பலகை பிடித்திருந்தது.

உள்ளே போனால் தாழ்வான வெளிச்சம், தகரத்தில் பூவேலை செய்த மேற்கூரை, எதிரெதிராக உயரமான மர பெஞ்சுகள். பின்பக்கம் செங்கல் அடுப்பு. பீட்சாவை நீண்ட கட்டைத் துடுப்பில் வைத்து உள்ளே தள்ளுகிறார்கள். வெப்பம் 800 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல். நம் கணக்கில் 425 செல்சியஸுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. அடியில் அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்து ஓரம் மொறுமொறுப்பாகவும், உள்ளே மெத்தென்றும் இருப்பதற்கு அந்தச் சூடுதான் காரணம். இந்த மாதிரி பழைய அடுப்புகளின் புகையை 75 சதவீதம் குறைக்க வேண்டும் என்று நகராட்சி விதி கொண்டுவந்து 2024 முதல் அமல்படுத்தியிருக்கிறது. பழசைக் காப்பாற்றுவது எந்த ஊரிலும் செலவு பிடிக்கிற வேலைதான்.

சிறியது 14 அங்குலம், பெரியது 16 அங்குலம். எது வாங்கலாம் என்று மகள் கேட்டாள். வெறும் இரண்டு அங்குலம்தானே என்றார் மாப்பிள்ளை. விடுவேனா? காகித நாப்கினை எடுத்தேன். ஆரம் 7 என்றால் பரப்பு 154 சதுர அங்குலம். ஆரம் 8 என்றால் 201. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! "தாத்தா இங்கயுமா?" என்றாள் பேத்தி. பெரியதே வாங்கினோம்.

தக்காளி, பாலாடைக்கட்டி, மேலே வறுத்த குடைமிளகாய். அவ்வளவுதான். மனைவி அடியைத் திருப்பிப் பார்த்து, "ஏங்க, இவ்வளவு தூரம் வந்து கரிஞ்ச ரொட்டியா?" என்றாள். ஆனால் முதல் துண்டு முடிந்ததும் இரண்டாவதை அவளே எடுத்துக்கொண்டாள். தயிர்சாதம் கைப்பையிலேயே இருந்தது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

சாப்பிடும்போது முதுகில் ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் சாய்வுப் பலகை முழுக்கப் பெயர்கள். கத்தியாலும் சாவியாலும் செதுக்கிய பெயர்கள். மேசையிலும் பெயர்கள். ஒரு விரல் அகலம்கூட இடம் மிச்சமில்லை. பெயர் மேல் பெயர், இதயக்குறி, வருடம், மறுபடி பெயர். தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனது. யாரும் அதை அழிக்கவில்லை, வண்ணம் பூசி மறைக்கவில்லை. பரிமாறிய பெரியவரிடம் மகள் மூலம் கேட்டேன். சிலர் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து, தாங்கள் இளவயதில் செதுக்கிய பெயரைத் தேடுவார்கள் என்றார். கிடைக்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார். எப்போதாவது கிடைக்குமாம்.

பேத்தி பலகையில் விரலை ஓட்டியபடியே கேட்டாள். "தாத்தா, உங்க ஸ்கூல்லயும் பெஞ்சுல பேர் எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் 1989-இல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியும்.

அந்த வருடம் ஜூலை மாதம் வடிவியல் தொடங்கினேன். எல்லோரும் காம்பஸ் வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் வகுப்புக்கு வெளியே என்று சொல்லியிருந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பையனுக்கு அவன் அப்பா புது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அந்தப் பையன் கணக்கில் சுமார்தான். ஆனால் வட்டம் வரைந்தால் தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் அச்சாகப் பொருந்தும். நான் பாராட்டியிருக்க வேண்டும். பாராட்டியதாக நினைவில்லை.

ஒருநாள் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அவன் அந்தக் காம்பஸ் முனையால் பெஞ்சில் பெயர் செதுக்கிக்கொண்டிருந்தான். மூன்று எழுத்து முடிந்திருந்தது, இன்னும் இரண்டு பாக்கி. பிடித்துவிட்டேன். அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்கு ஆள் அனுப்பி உப்புத்தாள் வாங்கி வரச் சொல்லி, பெயர் தெரியாமல் போகும்வரை அவனையே தேய்க்க வைத்தேன். மதிய மணி அடித்தும் தேய்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிலர் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, சிரிக்கும்படி செய்தவன் நான்தான். கடைசியில், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவேன்" என்றேன். அவர் ஒருநாள் பள்ளிக்கூடம் வந்தால் அந்த நாள் கூலி போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. ஒரு வாரம் போனது. மாமாவோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னீர்கள். நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளில் போனால் பத்து நிமிடம். வருகைப் பதிவேட்டில் மட்டும் நாள் தவறாமல் 'ஆ' போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு ஒருநாள், நீண்ட நாள் வருகையின்மை என்று எழுதிச் சிவப்பு மையால் அவன் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டேன்.

பெஞ்சில் இருந்த மூன்று எழுத்தை அவன் கையாலேயே அழிக்க வைத்தேன். பதிவேட்டில் இருந்ததை என் கையால் அடித்தேன்.

பல ஆண்டு கழித்துப் பள்ளிக்குப் புது மேசை நாற்காலி வந்தது. பழைய பெஞ்சுகளை ஏலத்தில் விட்டார்கள். விறகுக் கடைக்காரர் எடுத்தார். பள்ளிச் சொத்து பள்ளிச் சொத்து என்று நான் காவல் காத்த பலகை ஏதோ ஓர் அடுப்பில் எரிந்துபோனது. வண்டியில் ஏற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றுகூட எனக்கு அந்தப் பையன் நினைவு வரவில்லை. பிளீக்கர் தெருவில் பேத்தி கேட்ட பிறகுதான் வந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். பெஞ்சில் செதுக்குவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அது தவறுதான், இன்றைக்கும் கண்டிப்பேன். பள்ளிக்கூடமும் சாப்பாட்டுக் கடையும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை ஏன் தன் பெயரைச் செதுக்குகிறான் என்று ஒருமுறைகூட யோசிக்காமல் 32 வருடம் வாத்தியாராக இருந்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. நானும் இங்கே இருந்தேன் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி எதுவும் இல்லை. அந்தப் பையனும் அதைத்தான் எழுத வந்தான். இரண்டு எழுத்து பாக்கி இருந்தபோது நான் நிறுத்திவிட்டேன்.

பேத்திக்கு வீட்டுக்கு வரும்போது ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த அண்ணா இப்போ எங்க இருக்காங்க?" என்றாள். அவள் அண்ணா என்று சொல்கிறவனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். தெரியாது என்றேன். "உங்க பேஸ்புக்ல கேளுங்க. அதுல உங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் இருக்காங்கல்ல" என்றாள்.

அதனால்தான் இந்தப் பதிவு.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை எல்லோர் முன்னாலும் அவனை நிற்க வைத்தது போதும். பின்னூட்டத்திலும் யாரும் எழுத வேண்டாம். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் விசாரியுங்கள். விவரம் கிடைத்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவனுக்கு விருப்பமில்லை என்றால் தொந்தரவு செய்ய வேண்டாம், அதுவும் அவன் உரிமை. விருப்பம் இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள். நானே அழைத்துப் பேசுகிறேன், ஊர் திரும்பியதும் நேரில் போகிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு முன், நீ வரைந்த வட்டம் நன்றாக இருக்கும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது.

மாசி மாதம் வரை இங்கேதான் இருப்போம். உங்களுக்குக் காலை 6 மணி என்றால் எனக்கு முதல் நாள் இரவு 7.30. எந்த நேரம் அழைத்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை சாவியை நீட்டி, "மாமா, நீங்களும் ஒரு ஓரத்துல எழுதுங்க" என்றார். வேண்டாம் என்றேன். தயிர்சாதத்தை இரவு நான்தான் சாப்பிட்டேன்.