150 லிட்டரில் ஒரு பாலைவனப் பயணம்

நெவாடாவின் தனிமைச் சாலையில் டிரெய்லர் இழுத்துச் செல்பவர்களுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்தான் பெரிய கவலை. அந்தச் சமவெளிகளில் வாழ்பவர்களுக்கும் அப்படியே.

ஃபாலன் நகரைத் தாண்டிய சிறிது நேரத்தில் பச்சை நின்றுவிடுகிறது. அமெரிக்க மத்திய அரசு மேற்கொண்ட முதல் பாசனத் திட்டங்களுள் ஒன்றின் கடைசி வாய்க்கால் முடியும் இடத்திலேயே குதிரைமசால் வயல்களும் முடிந்துபோகின்றன. அதற்கப்பால் வெளுத்த உப்புத் தரை, சாம்பல் நிறப் புதர்கள், பெரிய வானம். யு.எஸ். 50 என்ற நெடுஞ்சாலை மட்டும் கிழக்கு நோக்கி நீள்கிறது. ஊர் என்று சொல்லத்தக்க அடுத்த இடம் ஆஸ்டின். சுமார் 180 கி.மீ.

சாக்ரமென்டோவிலிருந்து கிளம்பிய ஒரு தம்பதியின் பிக்-அப் டிரக் இந்தச் சாலையில் நிதானமாகப் போகிறது. கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி நர்ஸாக இருந்தவர். பின்னால் 20 அடி நீள டிரெய்லர். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், நின்று குளிக்கத்தான் இடமுள்ள குளியலறை. கூரையில் சோலார் தகடு. கட்டிலுக்கடியில் 150 லிட்டர் தண்ணீர் டேங்க்.

சராசரி அமெரிக்கர் வீட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார். இந்த டேங்க்கோ இரண்டு பேருக்கு நான்கு நாள் வரவேண்டும். தலைக்கு நாளொன்றுக்கு 19 லிட்டர்கூட இல்லை. சமையல், குளியல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் அதற்குள்.

இந்தச் சாலைக்குப் பெயர் வாங்கித் தந்தது 'லைஃப்' பத்திரிகை. 1986 ஜூலையில் அது யு.எஸ். 50-ன் நெவாடா பகுதியை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று வர்ணித்தது. பிழைத்து வரும் திறமையில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் போகவேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. நெவாடாக்காரர்கள் கோபித்துக்கொள்வதற்குப் பதில் வியாபாரம் செய்தார்கள். 'பிழைப்புக் கையேடு' ஒன்றை அச்சிட்டு, வழியிலுள்ள ஊர்களில் அதில் முத்திரை குத்தித் தருகிறார்கள். தம்பதியின் கையேட்டில் முதல் முத்திரை ஃபாலனில் விழுந்துவிட்டது.

சாலை வெறும் சமதரை அல்ல. மலைத்தொடர், சமவெளி, மறுபடி மலைத்தொடர் என்று அலை அலையாக வருகிறது. ஆஸ்டினுக்குக் கிழக்கே உள்ள கணவாய் சுமார் 2,280 மீட்டர் உயரம். ஏறும்போது இன்ஜின் சூடாகிறதா என்று கணவரின் கண் முள்ளிலேயே இருக்கிறது. இறங்கும்போது கியரைக் குறைத்து, டிரெய்லரின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். பக்கவாட்டில் காற்று அடித்தால் டிரெய்லர் வாலாட்டும்.

இந்தப் பிரதேசத்துக்கு 'கிரேட் பேசின்' என்று பெயர். இங்கே உற்பத்தியாகும் ஆறு எதுவும் கடலைச் சேர்வதில்லை. மலைப்பனி உருகி ஓடி வந்து, உப்பு ஏரியிலோ மணலிலோ மறைந்துபோகிறது. அமெரிக்காவிலேயே மிக வறண்ட மாநிலமான நெவாடாவின் சராசரி மழை ஆண்டுக்கு 250 மி.மீ. அளவுதான். மாநில நிலத்தில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பகுதியில் யாரும் கட்டணமின்றி 14 நாள் வரை தங்கலாம். நிலம் இலவசம். தண்ணீர் மட்டும் கிடையாது.

ஆஸ்டினிலிருந்து சுமார் 40 கி.மீ. கிழக்கே ஹிக்கிசன் முகாம். பழங்குடி மக்கள் பாறைகளில் செதுக்கிய கோடுகளும் வளைவுகளும் இங்கே இருக்கின்றன. கழிப்பறை உண்டு, குழாய் இல்லை. தம்பதி இங்கே மூன்று இரவு தங்கத் திட்டமிட்டிருந்தார்கள்.

டிரெய்லரின் அளவுமானி நான்கு விளக்குகளில்தான் பேசும்: நிறைவு, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, காலி. மனைவிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறார். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுவது அவர் சட்டம். வெந்நீர் வருவதற்கு முன் குழாயில் விழும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்துக் காபிக்கு வைத்துக்கொள்கிறார். இரண்டாம் நாள் மாலை கணவர் சோலார் தகட்டின் புழுதியைக் கழுவ நான்கு லிட்டரைக் கொட்டிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே இரட்டைக் கோடு. மூன்றாம் நாள் காலை, இன்னும் ஓர் இரவு என்று கணவர் கேட்க, மனைவி நோட்டைத் திருப்பிக் காட்டுகிறார். அடுத்த ஊரான யுரேகா 70 கி.மீ.க்கு மேல். வழியில் வண்டி நின்றுபோனால் குடிக்க என்ன இருக்கும் என்பது அவர் கேள்வி. மதியத்துக்குள் டிரெய்லர் கிளம்பிவிட்டது.

யுரேகாவில் 1880-ல் கட்டிய ஓபரா மாளிகை, அன்றைய வெள்ளிச் சுரங்கச் செல்வத்தின் மிச்சமாக நிற்கிறது. ஈலியைக் கடந்து கானர்ஸ் கணவாயில் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் வேலி. எதிரே 3,982 மீட்டர் உயர வீலர் சிகரம். அதற்கு அப்பால் ஸ்நேக் வேலி.

டிரெய்லருக்குள் நடந்த வாக்குவாதம் இந்தச் சமவெளிகளில் முப்பது ஆண்டு நீடித்தது. 1989-ல் லாஸ் வேகாஸின் நீர் நிர்வாகம் கிழக்கு நெவாடாவின் நிலத்தடி நீருக்கு உரிமை கோரி விண்ணப்பித்தது. அந்த நகரின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. ஒரே ஆற்றை நம்பியிருக்கும் பயம் அதற்கு. ஏறத்தாழ 480 கி.மீ. நீளக் குழாய் போட்டு இங்கிருந்து நீரைக் கொண்டுபோவது திட்டம்.

மாடு வளர்ப்பவர்களும், ஷோஷோனி, கோஷூட் பழங்குடியினரும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய உதாரணம் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அங்கிருந்து கால்வாய் வெட்டி நீரை எடுத்துக்கொண்டது. 1920-களில் ஓவன்ஸ் ஏரி வறண்டு புழுதிக் களமானது. ஸ்பிரிங் வேலியில் ஈரமான தரையில் வளரும் 'ஸ்வாம்ப் சீடர்' மரங்களும் கவலைக்குக் காரணம். 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் மூதாதையர் படுகொலை செய்யப்பட்ட அந்த இடம் பழங்குடியினருக்குப் புனிதமானது. நீர்மட்டம் இறங்கினால் அந்த மரங்களும் போய்விடும்.

நீதிமன்றங்களில் பின்னடைவுகளைச் சந்தித்த நீர் நிர்வாகம் 2020-ல் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் நகரத்தின் தாகம் தீர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே கொலராடோ ஆற்றின் மீட் நீர்த்தேக்கத்தில் முதன்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நெவாடா, லாஸ் வேகாஸ் பகுதியில் அலங்காரத்துக்காக மட்டும் வளர்க்கும் புல்தரைகளை அகற்றச் சட்டம் போட்டது.

வீலர் சிகரத்தைச் சுற்றியுள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவும் 1986-ல் உருவானதுதான். மேலே போகும் மலைச்சாலையில் 24 அடிக்கு மேற்பட்ட நீள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. டிரெய்லரைக் கீழே விட்டுவிட்டுத் தம்பதி பிரிஸில்கோன் பைன் மரங்களைப் பார்க்கப் போகிறார்கள். 1964-ல் இந்த மலையில் வெட்டப்பட்ட ஒரு மரத்தில் 4,800-க்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்கள் இருந்தன. குளிரிலும் வறட்சியிலும் மிக மெதுவாக வளர்வதே இவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணங்களில் ஒன்று.

திரும்பி வந்து, கழிவு நீரை அதற்குரிய இடத்தில் இறக்கிவிட்டு, பூங்காவின் குழாயில் டேங்க்கை நிரப்புகிறார்கள். நோட்டில் புதிய பக்கம், 150 என்ற எண்ணோடு தொடங்குகிறது. யூட்டாவின் டெல்ட்டா நகரம் இன்னும் சுமார் 150 கி.மீ. வழியில் சாலைக்குத் தெற்கே செவியர் ஏரி என்று வரைபடம் காட்டுகிறது. 1872-ல் அங்கே நிஜமாகவே தண்ணீர் இருந்தது. ஆற்று நீர் மேலேயே பாசனத்துக்குத் திருப்பப்பட்டுவிட்டதால், இன்று பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே இருப்பது வெள்ளை உப்புத் தரைதான்.