இமயத்துப் பனியும் ஏலமலைக் காற்றும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், ஏலமலைத் தொடரின்மேல் அமைந்துள்ள சக்குபள்ளத்தில் வெண்பனி மூடிய நிலத்தை எவரும் கண்டதில்லை எனினும், ஜூன் மாதத்தில் அங்குள்ள ஏலச்செடிகளை நனைக்கும் மழைக்கும் அதைக் கொணரும் தென்மேற்குக் காற்றுக்கும் இமயத்தின் குளிர்காலப் பனியோடு தொலைதூர உறவு உண்டு.

புதிதாய்ப் பெய்த பனி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது; எதிரொளித்திறன் எனப்படும் இப்பண்பு வெற்று மண்ணுக்கு மிகக் குறைவு. உட்கொண்ட சிறிதளவு வெப்பமும் நிலத்தைச் சேருமுன் பனியை உருக்குவதிலேயே செலவாகிறது; ஒரு கிராம் உருகச் சுமார் 80 கலோரி வேண்டும். உருகிய நீர் மண்ணில் ஊறிப் பின் ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பனிப்பரப்பைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்குவதால், பனியாறுகளை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் நண்பகலிலும் குளிர்காற்று வீசும். இவ்வாறு பனி நீடித்த ஆண்டில் வடபுலம் தாமதமாகச் சூடேற, அங்கு உருவாக வேண்டிய காற்றழுத்தத் தாழ்வு வலுக்குன்றி, கடலிலிருந்து நிலம் நோக்கி வரும் பருவக்காற்றும் தளரக்கூடும்.

பருவமழை பொய்த்ததால் நேர்ந்த தாது வருடப் பஞ்சத்தின் துயரம் ஆறாத காலத்தில், இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு இத்தொடர்பை 1884-இல் ஆய்வுரையாக வெளியிட்டார். இதன் அடிப்படையில், முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பு 1886 ஜூன் 4 அன்று வெளிவந்தது. யூரேசியப் பனிப்பரப்பு மிகுந்தால் இந்திய மழை குறையும் போக்கினை 1976-இல் ஹான், சுக்லா ஆகிய இருவர் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். ஆயினும் இவ்வுறவு எல்லாக் காலத்திலும் ஒரே வலுவில் நிற்பதில்லை. பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ போன்றவை அதை மீறிவிடுவதுண்டு. பனியை மட்டும் பார்த்து மழையைச் சொல்லிவிட முடியாது.

சக்குபள்ளத்தை அடுத்த செல்லார்கோவில்மெட்டில் பருவமழைக் காலத்தில் நிற்பவருக்கு, மேற்கிலிருந்து வரும் முகில் ஏலத்தோட்டத்து நிழல்மரங்களை நனைத்துவிட்டு, மலைவிளிம்பைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கினுள் இறங்கும்போது வெப்பமுற்றுக் கரைவது கண்ணெதிரே தெரியும். காற்று சற்றுத் தளர்ந்தாலும் வலுத்தாலும் இவ்விளிம்பு அதை உணரும். மழை பிந்தினால் ஏலச்செடியின் சரம் வாடுகிறது. மிகுந்தால் அழுகல் நோய் பரவிக் காய் உதிர்கிறது. நாடு முழுமைக்கும் கூறப்படும் சராசரி மழையளவு இங்குள்ள விவசாயிக்கும், கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறிவரும் தோட்டத் தொழிலாளிக்கும் போதாது. ஏலமலைக்கெனத் தனி முன்னறிவிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் பருவம் தொடங்குமுன் வழங்க வானிலைத் துறை முன்வர வேண்டும்.