ஆயாவின் உலக்கையும் அயல்நாட்டு வயலினும்

ஆண்டு விழாவுக்கு என்ன பாடுவது என்று பாடகர் குழுவினராகிய நாங்கள் எட்டுப் பேரும் இரண்டு வாரம் சண்டை போட்டோம். வழக்கமான வரவேற்புப் பாட்டு, வழக்கமான ஆங்கிலப் பாட்டு, வழக்கமான கும்மி. இவை மூன்றும் வேண்டாம் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது! எங்கள் சச்சரவைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போன இசை ஆசிரியை சிஸ்டர் ஒருநாள் மாலை, "முதலில் வாயை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள்" என்று ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்கள்.

அது இசைஞானி இளையராஜா 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட சிம்பொனித் திருவாசகம். மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு அவர் மேல்நாட்டு முறையில் இசை எழுத, ஹங்கேரி நாட்டுத் தலைநகரின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு லாஸ்லோ கோவாக்ஸ் என்பவரின் தலைமையில் வாசித்தது. ஆங்கில வரிகளை அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். இதையெல்லாம் முன்னின்று நடத்திய தமிழ் மையத்தின் நிறுவனர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ். சைவத் திருமுறைக்கு ஒரு பாதிரியார் பாடுபட்டாரா என்று எங்களில் ஒருத்தி வியந்தாள். "ஏன், ஜி.யு. போப் ஐயரை மறந்துவிட்டாயா? திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பது!" என்றார்கள் சிஸ்டர்.

ஆறு பாடல்கள். ஐந்தாவது பாடல் வந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் தோழி ஒருத்தி தன்னையறியாமல் காலால் தரையைத் தட்டினாள். பிறகு எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு கூச்சத்துடன் நிறுத்திவிட்டாள். "என்னடி?" என்றோம். "ஒன்றுமில்லை, எங்கள் ஆயா நெல் குத்தும்போது பாடுவது போல இருந்தது" என்று முணுமுணுத்தாள்.

சிஸ்டர் உடனே பதிவை நிறுத்தினார்கள். "நீ சொன்னது எவ்வளவு சரி என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

தெரியாதுதான், எங்களுக்கும் தெரியாது. அந்த ஐந்தாவது பாடல் திருப்பொற்சுண்ணம். இறைவனின் திருமஞ்சனத்துக்காகப் பெண்கள் கூடி உரலில் வாசனைப் பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது. மூன்றாவதான திருக்கோத்தும்பி, தும்பியை அழைத்துப் பாடும் பெண்களின் பாட்டு. திருவாசகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்தால் அம்மானை, சாழல், உந்தியார், பூவல்லி, பொன்னூசல் என்று பெண்பிள்ளைகளின் விளையாட்டும் வேலையுமாகவே நிறைந்திருக்கிறது! அவற்றுள் பல நமக்குப் பக்கத்திலிருக்கும் தில்லையில் அருளியவை. பெண்கள் உரலடியிலும் ஊஞ்சலிலும் பாடிய மெட்டுகளை மாணிக்கவாசகர் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகு, பண்ணைப்புரத்திலிருந்து வந்த இன்னொருவர் அவற்றைப் புடாபெஸ்டுக்கு எடுத்துச் சென்றார். அவரும் தம் அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பாடி வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றவர். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் கிராமத்து மெட்டுக்களைப் பட்டிதொட்டியெங்கும் ஒலிக்கச் செய்தவர்.

ஹங்கேரியின் கதையையும் சிஸ்டர் சொன்னார்கள். 1905, 1906 ஆண்டுகளில் ஸோல்டான் கோடாய், பேலா பார்டோக் என்ற இரண்டு இளைஞர்கள் மெழுகு உருளையில் ஒலி பதியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடியானவர்களின் வீட்டுக்கு வீடு அலைந்தார்களாம். அந்தப் பாட்டுக்களையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, பின்னால் அவற்றிலிருந்தே பெரிய இசைக்குழுக்களுக்கான இசையை ஆக்கினார்கள். மயிலைப் பற்றிய ஒரு பழைய நாட்டுப்பாட்டை வைத்து கோடாய் எழுதிய இசையை 1939-இல் ஆம்ஸ்டர்டாம் இசைக்குழு முதன்முதலாக வாசித்தது. அந்தப் பாட்டில் ஐந்தே சுரங்கள்தாம். சிஸ்டர் அதை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டியபோது, சங்கீதம் கற்கும் எங்கள் தோழி, "இது சுத்த தன்யாசி!" என்று கத்தியேவிட்டாள்.

சீனத்திலும் இதுபோல் நடந்திருக்கிறது. 1959-இல் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்களான ஹே ஜான்ஹாவ், சென் காங் இருவரும் தங்கள் பக்கத்து நாட்டார் கூத்து மெட்டுக்களைக் கொண்டு, வயலினும் சிம்பொனி இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசையை எழுதினார்கள். படிக்க ஆசைப்பட்டு ஆண்வேடம் பூண்டு பள்ளிக்குப் போன ஒரு பெண்ணின் பழங்கதை அது. கடைசியில் அவளும் அவள் காதலனும் வண்ணத்துப் பூச்சிகளாகிவிடுவார்கள். முதலில் வாசித்தவளும் அக்கல்லூரி மாணவிதான், யூ லீனா. பிற்பாடு மேல்நாட்டு இசைக்குழுக்கள் பலவும் அதை வாசித்தன. சீனப் பாட்டில் அடிக்கடி வரும் ஐந்து சுரங்களும் நம் மோகனத்தின் சுரங்களே என்று கேட்டபோது, உலகம் எங்கள் வகுப்பறை அளவுக்குச் சிறுத்துவிட்டது போலிருந்தது. (படிப்பதற்காக வேடம் போட்ட அந்தப் பெண்ணைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் இங்கே எழுத இடமில்லை.)

ஆனால் எங்களைத் தொந்தரவு செய்தது வேறு. அவ்வளவு நல்ல பாட்டு வீட்டிலேயே இருக்கும்போது அந்தத் தோழி ஏன் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை? துருவித் துருவிக் கேட்டபின் சொன்னாள். ஆறாம் வகுப்பில் வெளியூரில் நடந்த ஒரு போட்டியில் அவள் ஆயாவின் பாட்டைப் பாடினாளாம். நடுவராக வந்தவர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் களத்துமேட்டில் பாடுவது, மேடைக்கு ஆகாது" என்றாராம். அன்றிலிருந்து ஆயா பாடினாலே இவள் கதவைச் சாத்திவிடுவாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எங்களுக்குத்தான் கண் கலங்கியது.

அவள் வீடு திருவதிகையில். நாள்தோறும் பண்ருட்டியிலிருந்து பேருந்தில் நெய்வேலிக்கு வருகிறவள். நாங்களோ நகரியத்தில், வட்டத்துக்கு வட்டம் வேறு வேறு ஊர்க்காரர்களாக வளர்ந்தவர்கள். சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கரத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். உலக்கையைக் கையால் தொட்டவர்கள் எங்களில் இருவர்கூட இல்லை! சிஸ்டர் பெற்றோரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, ஒரு சனிக்கிழமை எங்களை ஆர்ச் கேட்டில் பேருந்து ஏற்றினார்கள்.

திருவதிகையில் முதலில் வீரட்டானேசுவரர் கோயிலைப் பார்த்தோம். சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் தம் முதல் பதிகத்தைப் பாடிய இடம் இது. ஏழாம் நூற்றாண்டு. அவரை இங்கே அழைத்து வந்தவர் அக்காள் திலகவதியார். கோயிலைக் கூட்டி மெழுகி, பூமாலை தொடுத்துத் தொண்டு செய்தவர். தம்பியின் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த அம்மையார் கோலம் போடும்போதும் பூக் கட்டும்போதும் எதையாவது பாடியிருப்பார் அல்லவா? அது யாரிடமும் இல்லை. கெடிலத்தில் அன்று தண்ணீர் இல்லை, மணல்தான்.

ஆயா எங்களைக் கண்டதும், "வாங்க கண்ணு, வாங்க" என்று பாய் விரித்து முந்திரிப் பருப்பைத் தட்டில் கொட்டினார்கள். பாடச் சொன்னோம். வெட்கப்பட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்கள்; இரண்டு அடி வந்தது, நின்றுவிட்டது. மறுபடியும் தொடங்கினார்கள்; மறுபடியும் நின்றது. "சும்மா ஒக்காந்துகிட்டு எப்படிப் பாட்டு வரும்? கையில ஒலக்கை இருக்கணும்" என்றார்கள். பரண் மேலிருந்து உலக்கை இறங்கியது. என்ன அதிசயம்! அதைக் கையில் பிடித்துத் தூக்கிப் போட்டதும் பாட்டு மடைதிறந்தது போல வந்தது. உலக்கை விழும்போது ஒரு மூச்சு. அந்த மூச்சும் பாட்டின் ஒரு சுரம்தான் என்று அப்போது புரிந்துகொண்டோம்.

நாங்கள் ஐந்து கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுத முயன்றோம். அங்கேதான் ஆரம்பித்தது தொல்லை. மேல்நாட்டு இசைக்குழுவில் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் முன்னாலுள்ள தாளில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். தாளில் இல்லாதது காற்றிலும் வராது. ஆயாவோ ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரே போவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார்கள். வயலினில் விரலை நகர்த்தி அதை வாங்கிவிடலாம். ஆர்மோனியத்தில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருப்பதை எப்படி வாங்குவது? ஒரே ஓர் அடியை எழுத எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாமே கையால் பக்கம் பக்கமாக எழுதி, தமிழ் ஓர் எழுத்தும் அறியாத ஹங்கேரிக்காரர்களிடம் கொடுத்து, அவர்கள் வாசிப்பில் திருவாசகத்தை வரவழைத்தவரின் உழைப்பு எத்தகையது என்பது அன்றுதான் எங்களுக்கு ஓரளவு விளங்கியது. அவரே எழுதிய 'வேலியன்ட்' என்ற சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்தது. அந்த நாள் மகளிர் தினமும்கூட.

எழுதிக்கொண்டே வந்தபோது ஒன்றைக் கவனித்தோம். ஆயா ஓர் அடி பாடுவார்கள். பிறகு உலக்கையை ஒருமுறை சும்மா தூக்கி, பாடாமல் போடுவார்கள். பிறகு அடுத்த அடி. "நடுவில் ஏன் ஆயா நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"அது எங்க ஓரகத்தி பாடுறது கண்ணு" என்றார்கள்.

ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்துவது வழக்கமாம். ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். பாட்டும் அப்படியே, ஒருத்தி கேட்க மற்றவள் பதில் சொல்வாள். அந்த ஓரகத்தி அம்மாள் இறந்து பல வருஷமாகிறது. முப்பது வருஷம் எதிரே நின்று கேட்டிருந்தும் அவர் பங்கு ஆயாவுக்கு வரவில்லை. "அவ பாடுனா நான் மூச்சு வாங்குவேன். அத எங்க கேட்டேன்?" என்று சிரித்தார்கள். எங்கள் நோட்டில் ஒன்று விட்டு ஒன்றாக அடிகள் காலியாக இருந்தன.

புறப்படுமுன் திருப்பொற்சுண்ணத்தை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். வயலின்களும் கூட்டுக் குரல்களும் முழங்கி ஓய்ந்தன. அவர்கள் என்ன சொல்வார்களோ என்று எங்கள் சிஸ்டரே ஆவலாய்க் காத்திருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. எதிர் ஒலக்க போட அவங்களுக்கு எத்தினி பேரு!" என்றார்கள் ஆயா.

பெரிய இசைக்குழு வாசித்தால்தான் நம் பாட்டுக்குப் பெருமை என்று திருவதிகைக்குப் போகும்வரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது எங்களில் யாரும் அப்படி நினைக்கவில்லை. புடாபெஸ்டில் வாசிக்கப்பட்டதற்காக நிச்சயம் மகிழ்ந்தோம். ஆனால், எதிர்ப்பாட்டுப் பாட ஆள் இல்லாமல் போனால் ஒரு பாட்டில் பாதி செத்துப்போகிறது. மீதிப் பாதியை நாம்தான் கதவைச் சாத்திக் கொல்கிறோம். கோடாயும் பார்டோக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஏன் என்பதும் அப்போது உறைத்தது. பேருந்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், அந்தந்த நாட்டு மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்று சொல்லியிருப்பதை மட்டும் சிஸ்டர் நினைவுபடுத்தினார்கள்.

ஆண்டு விழாவில் ஆயாவின் பாட்டைத்தான் பாடினோம். மேளம் இல்லை. இரண்டு வயலின், ஓர் ஆர்மோனியம், மேடை நடுவில் ஓர் உரல், இரண்டு உலக்கை. (உலக்கைக்கு நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் என்பதையும் பதிவு செய்கிறோம்.) ஆயாவின் அடிகளை அந்தத் தோழி உலக்கை போட்டுக்கொண்டே பாடினாள். ஓரகத்தி அம்மாளின் அடிகள் வரவேண்டிய இடங்களில் நாங்கள் வார்த்தை எதையும் கட்டிச் சேர்க்கவில்லை. வயலின் மட்டும் தனியே பதில் சொன்னது. பெற்றோர் வரிசையில் வயதான அம்மாக்கள் சிலர் அந்த இடங்களில் உதட்டை அசைத்ததை மேடையிலிருந்தே பார்த்தோம். இறங்கி ஓடிப்போய்க் கேட்டோம். ஒருவர் பாடியது வேறு பாட்டு; இன்னொருவருக்கு முதல் சொல்தான் நினைவிருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா, "வேகமாக் குத்திட்டீங்க, அரிசி நொய்யாப் பூடும்" என்று மட்டும் சொன்னார்கள்.

ஓரகத்தி அம்மாளின் மகள் காடாம்புலியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாராம். அரையாண்டு விடுமுறையில் அங்கே போவதாக இருக்கிறோம்; உலக்கையை எடுத்துக்கொண்டுதான்.