நீரால் தீட்டிய பாலை

பாலைவனத்தை நீர்வண்ணத்தால் தீட்டுதல் முரணாகத் தோன்றலாம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழை நாடுகளுக்குச் சென்ற ஐரோப்பிய ஓவியர் பலர் அதனைச் செய்தனர். அவர்களுள் பொறுமையால் தனித்து நிற்பவர் ஆங்கிலேயரான ஜான் பிரெடரிக் லூயிஸ் (1804–1876).

மற்றையோர் பலர் சில திங்கள் சுற்றிப் பார்த்துத் தாயகம் திரும்பினர். லூயிஸோ 1841 முதல் 1851 வரை கெய்ரோ நகரிலேயே குடியிருந்தார். அந்நாட்டு உடையையே உடுத்தினார். அவ்வாண்டுகளுள் பெரும்பகுதியில் இலண்டன் கண்காட்சிகளுக்கு அவரிடமிருந்து ஓவியம் எதுவும் வரவில்லை. 1844இல் அவரைக் கண்ட நாவலாசிரியர் தாக்கரே, அவர் சோம்பலில் மூழ்கிக் கிடப்பதாக நகையாடி எழுதினார். அது தவறான கணிப்பு. வீட்டிலே நூற்றுக்கணக்கான வரைவுகள் சேர்ந்துகொண்டிருந்தன.

அவ்வுழைப்பின் பயனை 1856இல் இலண்டன் கண்டது. சினாய் மலைப் பாலைவனத்தில் 1842ஆம் ஆண்டு ஐரோப்பியர் ஒருவர் அமைத்த கூடாரத்தைக் காட்டும் நீர்வண்ண ஓவியம் அது. தொலைவில் புனித கத்தரீன் மடம் தெரிகிறது. கூடார நிழலில் ஆங்கிலப் பிரபு ஒருவர் கீழை நாட்டு உடையில் சாய்ந்திருக்கிறார். உடையை மாற்றியவரால் உடைமைகளை விட முடியவில்லை போலும்! நூல்களும் நிலப்படங்களும் புட்டிகளும் அவரைச் சூழ்ந்து கிடக்கின்றன. எதிரே அரபுத் தலைவர் நிமிர்ந்து நிற்கிறார். அம்மண் யாருக்கு உரியது என்று ஓவியர் எங்கும் எழுதவில்லை. கிடப்பவரையும் நிற்பவரையும் ஒருமுறை நோக்கினால் போதும்.

நீர்வண்ணத்தில் ஒளிக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது பழைய வழக்கம். லூயிஸ் அதனோடு நில்லாது, ஒளி ஊடுருவாத வெள்ளை வண்ணத்தைக் கலந்து, மெல்லிய தூரிகையால் துணியின் நெசவையும் ஒட்டகத்தின் மயிரையும் நுணுகி நுணுகித் தீட்டினார்.

கலைத் திறனாய்வாளர் ரஸ்கின் அவ்வோவியத்தை உலகின் வியத்தகு ஓவியங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றினார். லூயிஸ் அப்போது நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் தலைவர். இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1858இல் தலைமையையும் சங்கத்தையும் துறந்து எண்ணெய் வண்ணத்திற்கு மாறினார். காலை முதல் இரவு வரை உழைத்தும் நீர்வண்ணம் போதிய ஊதியம் தரவில்லை என்பதே அவர் முறையீடு. அளவிறந்த பாராட்டுக்குப் பின் எழுந்த முறையீடு என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அவ்வோவியம் இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் உள்ளது. நீர்வண்ணத்திற்கு ஒளியே பகை. மிகுந்த ஒளிபட்டால் நிறம் மங்கும். ஆதலால் காட்சியகங்கள் இத்தகைய ஓவியங்களை மங்கிய விளக்கொளியில் சில திங்களே காட்சிக்கு வைத்து, மீண்டும் இருளறையில் சேர்த்துவிடுகின்றன.